வரைந்த கைக்கு ஒரு சிலை: ஆஸ்கர் அகாடமிக்குத் திறந்த மடல்

ஆஸ்கர் விருது வழங்கும் அகாடமியின் ஆட்சிக் குழுவினருக்கு,

வணக்கம். நான் உங்கள் உறுப்பினன் இல்லை. அனிமேஷன் படம் முடிந்தபிறகும், கடைசிப் பெயர் ஓடி மறையும்வரை இருக்கையை விட்டு எழாத ரசிகன், அவ்வளவுதான். அனிமேஷன் பாத்திரங்களை அசைத்து நடிக்கவைக்கும் கலைஞர்களுக்கென்று ஒரு தனி ஆஸ்கர் வேண்டும் என்று கேட்கவே எழுதுகிறேன்.

உங்கள் வீட்டுப் பழைய கதையிலிருந்தே தொடங்குகிறேன். டாம் அண்ட் ஜெர்ரி குறும்படங்கள் 1940களிலும் 50களின் தொடக்கத்திலுமாக ஏழு ஆஸ்கர் வாங்கின. அந்தப் பூனையையும் எலியையும் படைத்து இயக்கியவர்கள் வில்லியம் ஹன்னாவும் ஜோசப் பார்பெராவும். சிலைகளை வாங்கிக்கொண்டவரோ எம்ஜிஎம் படநிறுவனத்தின் கார்ட்டூன் பிரிவுத் தயாரிப்பாளர் ஃபிரெட் குயிம்பி. கார்ட்டூன் விருது தயாரிப்பாளருக்குத்தான் என்பது அன்றைய வழக்கம். அவரை மட்டும் குறைசொல்லிப் பயனில்லை, நீங்கள் நீட்டினீர்கள், அவர் வாங்கினார்.

அதற்கும் முன்னால், 1939இல், ஸ்நோ ஒயிட் படத்துக்காக வால்ட் டிஸ்னிக்குச் சிறப்பு விருது கொடுத்தீர்கள். சிறுமி ஷெர்லி டெம்பிள் கையால் ஒரு பெரிய சிலை, பக்கத்தில் படிப்படியாக இறங்கும் ஏழு குட்டிச் சிலைகள். அழகான யோசனைதான், மறுக்கவில்லை. கதையில் வரும் ஏழு குள்ளர்களுக்கும் சிலை கிடைத்தது. அவர்களை வரைந்தவர்களுக்குக் கிடைக்கவில்லை. 1941 மே மாதம் டிஸ்னி கலைஞர்கள் வேலைநிறுத்தத்தில் இறங்கியபோது, சம்பளத்தோடு திரையில் பெயர் போடுவதும் ஒரு கோரிக்கையாக இருந்தது.

கார்ட்டூன் குறும்படங்களுக்கு 1932இலேயே விருது தொடங்கிவிட்டீர்கள். முழுநீளப் படத்துக்கு ஒரு பிரிவு வர 2002 ஆயிற்று. முதல் சிலை ஷ்ரெக்குக்கு. நடுவில் எழுபது வருஷம். இவ்வளவு தாமதத்துக்கு என்ன காரணமோ, அதை விடுங்கள். நான் கேட்க வந்தது அதுவல்ல.

1972இல் லாஸ் ஏஞ்சலஸில், அனிமேஷனுக்கென்றே உள்ள ஆனி விருதுகள் தொடங்கின. முன்னின்று தொடங்கியவர் ஜூன் ஃபோரே, கார்ட்டூன் பாத்திரங்களுக்குக் குரல் கொடுத்த கலைஞர். முதலில் அது மூத்த கலைஞர்களின் வாழ்நாள் பணியைப் பாராட்டும் விழா மட்டுமே. சிறந்த படத்துக்கான விருதை 1992இல்தான் சேர்த்தார்கள். வரிசையைக் கவனியுங்கள்: அங்கே முதலில் ஆள், அப்புறம்தான் படம். இன்றும் ஆனியில் ஸ்டோரிபோர்டு, அதாவது கதையைக் காட்சி காட்சியாக முன்கூட்டியே வரைபவருக்குத் தனி விருது, பாத்திரத்தை அசைப்பவருக்குத் தனி விருது. உங்களிடம் பாத்திரத்தை அசைப்பவருக்கென்று ஒன்றுகூட இல்லை.

அனிமேட்டரின் மேசையில் ஒரு சின்னக் கண்ணாடி இருப்பது பழைய வழக்கம். பாத்திரம் பொய் சொல்லப்போகிறது என்றால் அவர் முதலில் கண்ணாடியைப் பார்த்துப் பொய் சொல்லிப் பார்ப்பார். எந்தப் புருவம் முதலில் ஏறுகிறது? இமை மூடிய பிறகு கண் திரும்புகிறதா, திரும்பிக்கொண்டே மூடுகிறதா? அதைத்தான் விநாடிக்கு 24 சட்டகமாகப் பிரித்து வரைகிறார். ஸ்டாப் மோஷன் என்றால் பொம்மையின் தாடையை மயிரிழை நகர்த்திவிட்டு ஒரு படம், மறுபடி நகர்த்திவிட்டு இன்னொரு படம். கணினியில் செய்தாலும் புருவம் எப்போது ஏற வேண்டும் என்று முடிவெடுப்பது ஆள்தான். இது நடிப்பு இல்லையென்றால் வேறென்ன? குரல் ஒருவருடையது, சரி. ஆனால் அந்தக் குரல் வருவதற்கு முந்தைய தயக்கம், அந்த அரை விநாடி மௌனம், அது வரைந்தவருடையது.

ஒரு பாத்திரத்தைப் பல பேர் அசைக்கிறார்களே, யாரைக் கூப்பிடுவது என்று கேட்பீர்கள். விஷுவல் எஃபெக்ட்ஸிலும் நூற்றுக்கணக்கானவர்கள் வேலை செய்கிறார்கள்; அங்கே நான்கு பேர் வரை மேடைக்கு அழைக்கிறீர்களே, அந்த வழி இங்கே மட்டும் அடைபட்டுப்போகுமா? போதாததற்கு, நீங்களே ஒருமுறை இதைச் செய்தும் இருக்கிறீர்கள். 1989இல் ரோஜர் ராபிட் படத்துக்காக ரிச்சர்ட் வில்லியம்ஸுக்குக் கொடுத்த சிறப்பு விருது, அனிமேஷனை இயக்கியதற்கும் கார்ட்டூன் பாத்திரங்களை உருவாக்கியதற்கும் என்று சொல்லித்தான் கொடுக்கப்பட்டது. அந்தக் கதவை ஏன் உடனே சாத்தினீர்கள் என்பது எனக்கு இன்றும் விளங்கவில்லை.

2022இல் அனிமேஷன் குறும்பட விருதை நேரலை தொடங்கும் முன்பே கொடுத்து முடித்தீர்கள். அதே இரவில் முழுநீள அனிமேஷன் விருதை அறிவித்தவர்கள், பிள்ளைகள் திரும்பத் திரும்பப் பார்க்கும் படங்கள் என்று சிரித்தபடி அறிமுகம் செய்தார்கள். அதையும் பொறுத்துக்கொண்டோம். இறுதிச் சுற்றில் வாக்களிப்பவர்கள் அந்தப் பிரிவின் எல்லாப் படங்களையும் பார்த்திருக்க வேண்டும் என்று 2025இல் விதி கொண்டுவந்தீர்கள், அதற்கு மனமார்ந்த நன்றி. நடிகர் தேர்வுக்கு விருது வந்துவிட்டது. ஸ்டண்ட் வடிவமைப்புக்கு 100ஆவது விழாவிலிருந்து என்று அறிவித்திருக்கிறீர்கள். அதே விழாவில் பாத்திர அனிமேஷனுக்கும் ஓர் உறை பிரியட்டும். ஏழு குட்டிச் சிலைகளை வார்க்கத் தெரிந்த உங்களுக்கு இன்னும் ஒன்று வார்ப்பது பெரிய வேலையா?

இப்படிக்கு,
பெயர்கள் ஓடி முடியும்வரை எழாத ரசிகன்