எழுவாய் எங்கே போனது, தம்பி?

அன்புள்ள தம்பி,

போன வாரம் தொலைபேசியில் நீ கேட்டது மனதைவிட்டுப் போகவே இல்லை. "செய்தியைத் திறந்தாலே வெறுப்பா இருக்குக்கா. இதுல யார் நல்ல தலைவர்னு எப்படித்தான் கண்டுபிடிக்கிறது?" என்றாய். அன்று நான் சொன்ன பதில் எனக்கே திருப்தியாக இல்லை. நேர்மை, எளிமை, தொலைநோக்கு என்று பள்ளிக் கட்டுரையில் வருகிற சொற்களை அடுக்கினேன். அவை தப்பில்லை. ஆனால் அவற்றை வைத்து யாரையும் எடைபோட முடியாது. தேர்தல் வந்தால் எல்லோருடைய சுவரொட்டியிலும் அந்தச் சொற்கள்தான் இருக்கின்றன.

சரி, நான் உண்மையாகவே நம்புகிற ஒன்றை இப்போது சொல்கிறேன். ஒரு தலைவருடைய பொறுப்பில் இருந்த ஏதோ ஒன்று நொறுங்கிப்போன நாளில், அவர் வாயிலிருந்து வருகிற முதல் நான்கைந்து வாக்கியங்களைக் கேள். முக்கியமாக, அவற்றின் வினைமுற்றுகளைக் கேள்.

"தவறு நடந்துவிட்டது." "விசாரணைக்கு உத்தரவிடப்பட்டுள்ளது." "உரிய நடவடிக்கை எடுக்கப்பட்டு வருகிறது." பாலம் இடிந்தாலும், வினாத்தாள் வெளியே போனாலும், கூட்ட நெரிசலில் உயிர்கள் போனாலும் இதே நடைதான். தவறு செய்தது யார்? நடவடிக்கை எடுப்பது யார்? எழுவாயே இருக்காது. தமிழில் இப்படி ஒளிந்துகொள்வது அவ்வளவு சுலபமும் இல்லை, கவனித்திருக்கிறாயா? 'நான்' என்ற சொல்லை விட்டுவிட்டாலும் 'செய்தேன்', 'தவறினேன்' என்று விகுதியிலேயே ஆள் வந்து நின்றுவிடுவார். அந்த 'ஏன்' விகுதிக்குத் தப்பத்தான் இத்தனை 'பட்டது'கள். அதே ஆள் திறப்பு விழாவில் பேசும்போது "கட்டினேன், கொடுத்தேன், கொண்டுவந்தேன்" என்று விகுதி ஒன்றுகூடத் தவறாது.

ஆங்கிலத்திலும் இதே கதைதான். ஈரானுக்கு ரகசியமாக ஆயுதம் விற்ற விவகாரம் வெடித்தபோது, 1987 ஜனவரியில் அமெரிக்க அதிபர் ரீகன் நாடாளுமன்றத்தில் பயன்படுத்தியது செயப்பாட்டுவினை. பெரிய தவறுகள் செய்யப்பட்டுவிட்டன என்றார். மார்ச் மாதம் தொலைக்காட்சியில் மறுபடி பேசியபோதுதான் முழுப் பொறுப்பும் தன்னுடையது என்று சொன்னார். செயப்பாட்டிலிருந்து செய்வினைக்கு வர அவருக்கு ஐந்து வாரத்துக்கு மேல் ஆகியிருக்கிறது.

அந்தத் தூரத்தை ஒரே காகிதத்தில், ஒரே அடித்தலில் கடந்தவர் ஒருவர் இருக்கிறார். அந்தக் காகிதத்தைப் பற்றி நினைக்கும்போதெல்லாம் எனக்கு உடம்பு சிலிர்க்கும்.

1944 ஜூன் 5. இரண்டாம் உலகப் போர் நடந்துகொண்டிருந்த நேரம். மறுநாள் விடிந்தால் ஹிட்லரை எதிர்த்த நேச நாட்டுப் படைகள் பிரான்சின் நார்மண்டி கரையில் இறங்க வேண்டும். முதல் நாளில் மட்டும் ஒன்றரை லட்சத்துக்கும் மேற்பட்ட வீரர்கள். வானிலை சரியில்லை என்று ஏற்கெனவே ஒரு நாள் தள்ளிப்போட்டாயிற்று. இனித் தள்ள முடியாது. அந்தப் படைகளின் தலைமைத் தளபதி, அமெரிக்காவின் ஐசன்ஹோவர், உத்தரவைக் கொடுத்துவிட்டார். அப்புறம் ஒரு சிறிய தாளை எடுத்து, படையெடுப்பு தோற்றுப்போனால் வெளியிட வேண்டிய அறிக்கையைத் தன் கையாலேயே எழுதிவைத்தார். தரையிறக்கம் தோற்றுவிட்டது; வீரர்கள் தங்களால் முடிந்த அத்தனையும் செய்தார்கள்; இதில் குற்றம் என்று ஏதாவது இருந்தால் அது என்னுடையது மட்டுமே. இவ்வளவுதான் அதன் சாரம். ஜூன் 5 என்று போடுவதற்குப் பதிலாக ஜூலை 5 என்று தேதி போட்டிருக்கிறார். மனிதர் எந்த நிலையில் இருந்தார் என்பதற்கு அதுவே சாட்சி.

நான் சொல்லவந்த இடம் வேறு. முதலில் அவர் எழுதியது "படைகள் திரும்பப் பெறப்பட்டுவிட்டன" என்ற பொருளில். பிறகு அதை அடித்துவிட்டு, "படைகளை நான் திரும்பப் பெற்றுவிட்டேன்" என்று மாற்றினார். யாரும் பார்த்துக்கொண்டிருக்கவில்லை. படையெடுப்பு வென்றதால் அந்தத் தாளுக்கு வேலையும் இல்லாமல் போனது. சில வாரம் கழித்து அவருடைய உதவியாளர் பார்த்து எடுத்துவைத்ததால்தான் இன்று நமக்குத் தெரிகிறது. அவ்வளவு பதற்றத்திலும், சாட்சி இல்லாத இடத்தில், ஒரு மனிதன் தன் வாக்கியத்துக்குள் 'நான்' என்பதைத் திரும்பக் கொண்டுவந்து வைத்திருக்கிறான். தலைமை என்றால் எனக்கு இந்த அடித்தல்தான் நினைவுக்கு வருகிறது.

ஒத்துக்கொண்டால் போதுமா என்று நீ கேட்பாய். போதாது. 1961 ஏப்ரலில் கியூபாவின் பன்றிகள் விரிகுடாவில், அமெரிக்கா பயிற்சி கொடுத்து அனுப்பிய சுமார் 1,400 பேர் இறங்கி மூன்றே நாளில் தோற்றார்கள். பெரும்பாலோர் சிறைபிடிக்கப்பட்டார்கள். அமெரிக்க அதிபர் கென்னடி பதவிக்கு வந்து அப்போது மூன்று மாதம்தான் ஆகியிருந்தது. திட்டமோ முந்தைய ஆட்சியில் போட்டது. பழியைத் தள்ளிவிட அதைவிட நல்ல வாய்ப்பு யாருக்கும் கிடைக்காது. அவர் தள்ளவில்லை. ஏப்ரல் 21-ஆம் தேதி செய்தியாளர்கள் முன்னால், அரசாங்கத்தில் இதற்குப் பொறுப்பான ஆள் நான்தான் என்றார். மறுநாளே கேம்ப் டேவிட்டில் அந்த முந்தைய அதிபரைச் சந்தித்தார். ஆம், அதே ஐசன்ஹோவர். அவர் கேட்ட கேள்வி இது: ஒப்புதல் தருவதற்கு முன்னால் எல்லோரையும் எதிரில் உட்காரவைத்து விவாதிக்கவிட்டீர்களா, அல்லது ஒவ்வொருவராகத் தனித்தனியே பார்த்தீர்களா?

இந்தக் கேள்விக்குக் கென்னடி கொடுத்த உண்மையான பதில் ஒன்றரை ஆண்டு கழித்துத்தான் வந்தது என்று நினைக்கிறேன். 1962 அக்டோபரில் கியூபாவில் சோவியத் ஏவுகணைகள் இருப்பது தெரிந்தபோது, பதின்மூன்று நாளும் ஒரு குழுவை உட்காரவைத்து வாதிடவிட்டார். தான் இருந்தால் எல்லோரும் தன் முகத்தைப் பார்த்துப் பேசுவார்கள் என்று சில கூட்டங்களுக்கு வராமலே இருந்தார். ராணுவத் தளபதிகள் உடனே குண்டு போட வேண்டும் என்றார்கள். அவர் கடல் முற்றுகையைத் தேர்ந்தெடுத்தார். அணு ஆயுதப் போர் வரவில்லை. முதல் தோல்வியில் 'நான்' என்று சொன்ன மனிதர் அந்த 'நான்' செய்த தவறு என்ன என்று தேடிப்பார்த்திருக்கிறார். "தவறு நடந்துவிட்டது" என்று சொல்லியிருந்தால் தேடுவதற்கு அங்கே ஆளே இருந்திருக்காது.

நம் நாட்டிலும் இதற்கு உதாரணம் உண்டு. 1956-இல் மகபூப்நகர் அருகே ரயில் விபத்தில் 100-க்கும் மேற்பட்டோர் இறந்தபோது, ரயில்வே அமைச்சர் லால் பகதூர் சாஸ்திரி ராஜினாமா கொடுத்தார். நேரு ஏற்கவில்லை. அதே ஆண்டு நவம்பர் 23-ஆம் தேதி விடியற்காலையில், அரியலூர் அருகே வெள்ளத்தில் மருதையாற்றுப் பாலம் பலவீனப்பட்டு, தூத்துக்குடி விரைவு ரயில் ஆற்றில் விழுந்தது. 140-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். சாஸ்திரி மறுபடி ராஜினாமா கொடுத்தார். இந்த முறை நேரு ஏற்றுக்கொண்டார். விபத்துக்கு அவர் காரணம் என்பதால் அல்ல, அரசியல் சாசன மரபுக்கு இது முன்னுதாரணமாக இருக்கட்டும் என்பதற்காகவே என்று நாடாளுமன்றத்தில் விளக்கமும் கொடுத்தார்.

ஒன்றை மட்டும் சொல்லிவிடுகிறேன். ராஜினாமாவையே நான் கொண்டாடவில்லை. ஒருவர் பதவி விலகியதால் எந்தப் பாலமும் தானாக உறுதியாகிவிடாது. சில நேரம் கேள்விகளிலிருந்து ஓடிப்போகவும் அதுவே வழியாகிவிடுகிறது. சாஸ்திரியிடம் எனக்குப் பெரிதாகத் தெரிவது அந்த இரண்டாவது கடிதம். முதல் கடிதம் ஏற்கப்படாதபோதே, "கொடுத்துப் பார்த்தேன், பிரதமர் வேண்டாம் என்றுவிட்டார்" என்று ஆயுள் முழுக்கச் சொல்லிக்கொள்ள வழி இருந்தது. அவர் அதை எடுத்துக்கொள்ளவில்லை.

இதில் நமக்கும் பங்கு இருக்கிறது தம்பி, அதைச் சொல்லாமல் விட்டால் தப்பு. 2021 மார்ச்சில், கொரோனா பரவலைத் தடுக்க ஈஸ்டர் விடுமுறையை ஒட்டி அறிவித்த கூடுதல் ஊரடங்கை அப்போது ஜெர்மனியின் சான்சலராக, அதாவது அரசுத் தலைவராக, இருந்த அங்கெலா மெர்க்கல் மறுநாளே திரும்பப் பெற்றார். மாநில முதல்வர்களோடு சேர்ந்து எடுத்த முடிவுதான் அது. ஆனாலும் இந்தத் தவறு முழுக்க முழுக்க என்னுடையது என்று சொல்லி, மக்களிடம் மன்னிப்புக் கேட்டார். எதிர்க்கட்சிகளில் சிலர் உடனே நம்பிக்கை வாக்கெடுப்பு கேட்டார்கள். அன்றைய மேற்கு ஜெர்மனியில் அதே பதவியில் இருந்த வில்லி பிராண்ட் 1970 டிசம்பரில் போலந்தின் வார்சாவில், நாஜிகளால் கொல்லப்பட்ட யூதர்களின் நினைவுச்சின்னத்தின் முன் மண்டியிட்டார். அவர் ஹிட்லரை எதிர்த்து நாட்டைவிட்டே வெளியேறியவர். தான் செய்யாத குற்றத்துக்காக, தன் நாட்டின் பெயரால் மண்டியிட்டார். அப்போது எடுத்த கருத்துக்கணிப்பில் மேற்கு ஜெர்மானியர்களில் 48 சதவீதம் பேர் அது அளவுக்கு மீறியது என்றார்கள், பொருத்தமானது என்றவர்கள் 41 சதவீதம்.

'என் தவறு' என்று சொல்கிறவரை நாம் என்ன செய்கிறோம்? அந்த ஒரு வரியை மட்டும் வெட்டி, இசை சேர்த்து, பத்து நாள் சுற்றவிடுகிறோம். மழுப்புகிறவரை இரண்டு நாளில் மறந்துவிடுகிறோம். இதைப் பார்த்து வளர்கிற அடுத்த தலைமுறை அரசியல்வாதி எந்த வாக்கியத்தைக் கற்றுக்கொள்வார்?

அதனால் செய்தியைப் பார்ப்பதை நிறுத்திவிடாதே. நீ முன்பு எனக்கு அனுப்பியிருந்த ஓர் அறிக்கையை மறுபடி படித்தேன். ஒன்பது வாக்கியங்கள். ஒன்றில்கூட 'ஏன்' என்று முடிகிற வினை இல்லை. பென்சிலை எடுத்து ஒவ்வொரு 'பட்டது'க்கும் கீழே கோடு போட்டு வைத்திருக்கிறேன். அடுத்த முறை வரும்போது காட்டுகிறேன்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். இதை எழுதிக்கொண்டிருந்தபோது, போன மாதம் அலுவலகத்தில் நான் எழுதிய ஒரு மின்னஞ்சல் நினைவுக்கு வந்தது. "கோப்பை அனுப்புவதில் தாமதம் ஏற்பட்டுவிட்டது" என்று எழுதியிருந்தேன். தாமதித்தது நான். திட்டு வாங்கியது என்னோடு வேலை செய்கிற ஒரு சின்னப் பெண். நேற்று மேலாளருக்கு ஒரு வரி எழுதினேன்: "அந்தக் கோப்பைத் தாமதமாக அனுப்பியது நான்தான்." அந்த ஒரு வரியை எழுதி அனுப்ப எனக்கு அரை நாள் ஆனது.

அன்புடன்,
அக்கா