ஊற்றுத் தண்ணீர் உப்பாகிவிட்டது, வழக்குப் போட வழி செய்யுங்கள்

பெறுநர்: மாவட்ட ஆட்சியர் அவர்கள், ராமநாதபுரம்

அனுப்புநர்: தொண்டிக்கும் தேவிபட்டினத்துக்கும் நடுவே ஒரு கடற்கரைக் கிராமத்துப் பெண்கள்

ஆட்சியர் அவர்களுக்கு வணக்கம்.

எங்கள் ஊரில் குடிதண்ணீர் என்றால் ஊற்றுதான். மணலைத் தோண்டி இறங்கி, ஊறி வரும்வரை உட்கார்ந்திருந்து, சிரட்டையால் மொண்டு மொண்டு ஊற்றினால் ஒரு குடம் நிறைய அரை மணி நேரம் ஆகும், ஆனாலும் அந்தத் தண்ணீர் அப்படி இனிக்கும். பக்கத்தில் இறால் பண்ணை வந்து அதன் கழிவு வாய்க்கால் ஊற்றடியை ஒட்டி ஓட ஆரம்பித்தபின் எல்லாம் போச்சு. இப்போது அதில் பருப்பு வேகாது. குடத்தின் கழுத்தில் வெள்ளையாக உப்புப் பூக்கிறது. குடம் 10 ரூபாய்க்கு வண்டித் தண்ணீர் வாங்குகிறோம், மூன்று வருடமாக.

மனு கொடுக்காமல் இல்லை. ரசீது மட்டும் ஏழு, ரேஷன் கார்டு உறைக்குள் சேர்த்து வைத்திருக்கிறோம். ஒரு அலுவலகம் இன்னொரு அலுவலகத்தைக் காட்டியது. கடைசியாக ஒருநாள் பாட்டிலில் தண்ணீர் பிடித்துப் போனார்கள், அதுவும் பண்ணை வண்டியிலேயே வந்து. முடிவைக் கேட்டால் "மேலே அனுப்பியாச்சு" என்கிறார்கள்.

காந்தியவாதி ஜெகந்நாதன் ஐயா தொடுத்த இறால் பண்ணை வழக்கில் 1996 டிசம்பரிலேயே உச்ச நீதிமன்றம், கெடுத்தவர்தான் ஈடு கட்ட வேண்டும் என்று சொல்லிவிட்டது. அப்புறம் 2005-ல் வந்த சட்டம் பண்ணைகள் பதிவு செய்துகொண்டு நடக்க வழி விட்டது. சரி, நடக்கட்டும், எங்கள் வீட்டுப் பிள்ளைகளே அங்கே கூலிக்குப் போகிறார்கள் (பாதிப் பேர் இந்த மனுவில் கையெழுத்துப் போடாததற்குக் காரணமும் அதுதான்). ஊற்றுக்கு யார் பொறுப்பு என்றுதான் கேட்கிறோம். சுற்றுச்சூழல் வழக்குகளை விசாரிக்கும் தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தில் இழப்பீடு கேட்கலாம், ஆனால் பாதிப்பு தொடங்கியதிலிருந்து 5 ஆண்டுக்குள் கேட்டாக வேண்டும், அதில் மூன்று இப்படியே கழிந்துவிட்டது. அதன் தென்மண்டல அமர்வு இருப்பதோ சென்னையில். கையில் பரிசோதனை முடிவு இல்லாமல், வக்கீல் இல்லாமல், ஏழு ரசீதை வைத்துக்கொண்டு அங்கே போய் என்ன பேசுவது?

அதனால் கேட்கிறோம். ஊற்றுத் தண்ணீரையும் வாய்க்கால் தண்ணீரையும் எங்கள் கண்முன்னே எடுத்து சீல் வைத்து, முடிவைத் தமிழில் எங்கள் கையில் கொடுக்கச் சொல்லுங்கள். பண்ணையின் பதிவு நகலும் வேண்டும். 1987-ஆம் ஆண்டு சட்டப் பணிகள் சட்டப்படி பெண்களுக்கு வருமான வரம்பு பார்க்காமலே இலவசமாக வக்கீல் உண்டு. மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழு ஒருநாள் எங்கள் ஊருக்கே வந்து வழக்கு எழுதிக் கொடுக்க ஏற்பாடு செய்யுங்கள். சாயங்காலம் வந்தால் நல்லது, பகலில் எல்லோரும் கூலிக்குப் போய்விடுவோம். கையெழுத்துப் போட்டவர்கள் வீட்டுப் பிள்ளைகளைப் பண்ணை வேலையிலிருந்து நிறுத்திவிடாமலும் பார்த்துக்கொள்ளுங்கள்.

நீங்களே பார்க்க வருவதாக இருந்தால் விடியற்காலை ஆறு மணிக்கு ஊற்றடிக்கு வாருங்கள். சொல்லிவிட்டு வர வேண்டாம். அந்த நேரத்தில்தான் பண்ணைக் குளத்துத் தண்ணீரை வாய்க்காலில் திறந்து விடுவார்கள்.

இப்படிக்கு,
கீழே கையெழுத்திட்ட 43 பெண்கள்