சிக்னல் அணைந்த அன்று நின்றவர்களுக்கு

வணக்கம். கொழிஞ்சாம்பாறையிலிருந்து எழுதுகிறேன். போன மாதம் ஒரு புதன்கிழமை, விடாமல் மழை பெய்த காலையில், பாலக்காட்டுக்குப் பக்கத்தில் நாலுவழிச் சாலை சிக்னலில் ஒரு வெள்ளைக் கார் குறுக்கே நின்றுபோனதே, அதை ஓட்டியவள் நான்தான். பின் சீட்டில் கறுப்புக் கண்ணாடியோடு இருந்தது என் அம்மா. புரை ஆபரேஷன் முடிந்து கண் காட்டப் போய்க்கொண்டிருந்தோம். உங்களில் ஒருவருக்குக்கூட ஒழுங்காக நன்றி சொல்லாமல் வந்துவிட்டேன். எலப்புள்ளி தாண்டியும் கை நடுக்கம் நிற்கவில்லை.

முதலில் நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். எங்கள் தெருவில் அதற்குள் வேறு கதை ஓடுகிறது.

முந்தின ராத்திரி பாலக்காட்டுக் கணவாய்க் காற்றில் எங்கள் ஊரிலும் கரண்ட் இல்லை. அந்த சிக்னலில் மூன்று விளக்கும் செத்துக் கிடந்தன. மஞ்சள் மினுக்கிக்கொண்டிருந்தாலாவது ‘பார்த்துப் போ’ என்று அர்த்தம். ஒன்றுமே எரியவில்லை என்றால் அவரவர் இஷ்டம் என்றுதான் நானும் நினைத்திருந்தேன். முன்னால் போன பஸ்ஸின் வாலைப் பிடித்துக்கொண்டு போய்விடலாம் என்று பார்த்தேன். பஸ் போய்விட்டது, நான் மாட்டிக்கொண்டேன். வலப்பக்கம், வாளையாறு பக்கமிருந்து வந்த லாரி ஒன்று நின்று, டிரைவர் அண்ணன் ‘போம்மா’ என்று கையைக் காட்டினார். நாமக்கல் வண்டி. அண்ணா, உங்களுக்குத்தான் முதல் நன்றி. வழி உங்களுடையது, இருந்தும் விட்டுக்கொடுத்தீர்கள்.

ஆனால் நீங்கள் கை காட்டியது உங்கள் பாதிச் சாலைக்கு மட்டும். அதை நான் முழுச் சாலைக்கும் எடுத்துக்கொண்டேன். நடுத்திட்டில் ஒரு நிமிடம் நின்று இடப்பக்கம் பார்க்காமல், நேரே விட்டேன். போதாததற்கு நாலு இண்டிகேட்டரையும் போட்டுவிட்டிருந்தேன். நேராகப் போகிறோம் என்று மற்றவர்களுக்குச் சொல்லுகிற வழி அது என்று யாரோ சொன்னது மண்டையில் ஏறியிருந்தது.

கஞ்சிக்கோட்டுக் கம்பெனிக்கு ஷிப்டுக்குப் போய்க்கொண்டிருந்த தம்பி, நீ இடப்பக்கமிருந்து வந்தாய். மழையில் உன் கண்ணுக்குப் பட்டது என் இடது இண்டிகேட்டர் சிமிட்டுவது மட்டும். நான் நடுத்திட்டுக்கு அந்தப்பக்கமே இடது திரும்பிவிடுவேன் என்று நினைத்துத்தான் நீ வேகத்தைக் குறைக்கவில்லை. கடைசியில் பிரேக் அடித்தாய், ஸ்கூட்டர் வழுக்கி என் பம்பரில் வந்து தட்டியது. ஹெல்மெட் பட்டையை மாட்டியிருந்தாய், நல்ல வேளை. முழங்காலில் சிராய்ப்போடு எழுந்து வந்து, “அக்கா, நீங்க திரும்புறீங்கன்னு நெனச்சேன், அம்மாவுக்கு ஒண்ணும் ஆகலியே?” என்று நீ என்னைக் கேட்டாய். திட்டியிருந்தால்கூட மனசு ஆறியிருக்கும்.

எங்கம்மா வாயை மூடிக்கொண்டிருக்கவில்லை. “எனக்கு ஒரு கண்ணுதான் தெரியுது, எனக்கே அந்தப் பையன் வர்றது தெரிஞ்சுது” என்றாள். வீடு வரும்வரை நாலு தரம் சொன்னாள்.

நீலச் சட்டை போட்ட சுமை தூக்கும் ஏட்டன்மார், அதாவது அண்ணன்மார், மூன்று பேர், லோடு இறக்குவதை அப்படியே விட்டுவிட்டு ஓடி வந்தீர்கள். ஒருவர் ஸ்கூட்டரைத் தூக்கினார், ஒருவர் என் காரை ஓரம் தள்ளினார். மூன்றாமவர் கார் சாவியை எடுத்து என் கையிலேயே திணித்து, “சேச்சி பேடிக்கண்டா”, அக்கா பயப்படாதீங்க, என்றார். பேர் கேட்டேன். “பேரொண்ணும் வேண்டா” என்று சிரித்தீர்கள். விபத்தில் நல்லெண்ணத்தோடு உதவுகிறவர்மேல் வழக்கு வராது என்று மோட்டார் வாகனச் சட்டத்திலேயே 2019 திருத்தத்தில் சேர்த்திருக்கிறார்கள், அவர் பேர் சொல்லத் தேவையில்லை என்று அதன் கீழ் 2020-ல் விதியும் வந்திருக்கிறது. அது தெரிந்து சொன்னீர்களா தெரியாமல் சொன்னீர்களா, எனக்கு மட்டும் பேர் இல்லாமல் நன்றி எழுதுவது சங்கடமாக இருக்கிறது.

ஆட்டோ ஏட்டன் ஒருவரைப் பற்றித்தான் நிறைய எழுத வேண்டும். காக்கிச் சட்டை, தலையில் பிளாஸ்டிக் கவர், கையில் சிவப்புத் தோர்த்து, நம்மூர்த் துண்டு மாதிரி. யாரும் சொல்லாமல் நடுவில் போய் நின்றார். தோர்த்தை உயர்த்தி ஒரு பக்கத்தை நிறுத்துவார், வாய்விட்டு முப்பது எண்ணுவார், இன்னொரு பக்கத்தை விடுவார். மலையாளத்தில் தொடங்கிய எண்ணிக்கை பதினைந்துக்குமேல் தமிழுக்குப் போய்விடும். அவரும் எங்கள் பக்கத்து ஆள்தான் போலிருக்கிறது. ஹாரன் அடித்தவனுக்கு மட்டும் நாற்பது எண்ணினார். கூடையோடு தயங்கிக்கொண்டிருந்த இரண்டு பெண்கள் நடந்து கடக்க, நாலு பக்கத்தையும் நிறுத்தினார். எரிகிற சிக்னலில்கூட அந்த இடத்தில் நடக்கிறவர்களுக்கு அந்த மரியாதை கிடைத்து நான் பார்த்ததில்லை.

அரைமணி கழித்து டிராபிக் போலீஸ்காரர் வந்தார். சத்தம் போடுவார் என்று பயந்தேன். அவர் தம்பியின் காலைப் பார்த்தார், என் கார் கண்ணாடிக்குள் எட்டிப் பார்த்தார், இன்னும் சிமிட்டிக்கொண்டிருந்த நாலு இண்டிகேட்டரைக் காட்டி, “இது வண்டி கேடாகி நிக்கும்போ இடுந்நது” என்றார், வண்டி பழுதாகி நிற்கும்போது போடுவது என்று. அவ்வளவுதான். இத்தனை வருஷத்துப் பழக்கம் எனக்கு அந்த ஒரு வாக்கியத்தில் விட்டுப்போனது. சார், நன்றி.

கடைசியாக எங்கள் ஊர் டிரைவிங் ஸ்கூல் மாஸ்டர். அன்று நீங்கள் அங்கே இல்லை, ஆனாலும் இந்த மடலில் இருக்க வேண்டியவர். சாயங்காலம் உங்களிடம் வந்து அழுதேன். “சிக்னலும் இல்லாம போலீஸும் இல்லாம இருந்தா மெயின் ரோட்டுல போறவனுக்கு வழி. ரெண்டும் ஒரே மாதிரி ரோடுன்னா வலது கைப்பக்கம் வர்றவனுக்கு வழி. படிச்சதுதானே?” என்றீர்கள். படித்ததுதான், மாஸ்டர். 1989 சாலை விதிமுறையிலும் இருந்தது, அதற்குப் பதிலாக 2017-ல் வந்ததிலும் இருக்கிறது. லைசென்ஸ் வாங்கிய மறுநாளே மறந்தேன். நீங்கள் அன்றைக்கே காரை எடுக்கச் சொல்லி, ஆளில்லாத முக்கில் பத்துத் தடவை கடக்க வைத்தீர்கள்: நிற்கிறது, வலது பார்க்கிறது, பாதி போகிறது, மறுபடி நிற்கிறது, இடது பார்க்கிறது. பத்தாவது தடவைக்கு நாய் ஒன்று வந்து குறுக்கே படுத்துக்கொண்டது, அதற்கும் வழி விட்டோம்.

டீக்கடைச் சேச்சி, உங்கள் சுக்குக் காப்பிக்கு மூன்று கிளாஸுக்கும் காசு வாங்கவில்லை. பக்கத்து வீட்டுப் பெண் இதை மலையாளத்தில் எழுதித் தருவதாகச் சொல்லியிருக்கிறாள், உங்கள் கடைச் சுவரில் ஒட்ட இடம் கொடுக்க வேண்டும். தம்பி ஸ்கூட்டருக்கு இண்டிகேட்டர் கண்ணாடி மாற்றிய செலவை நான் கொடுத்துவிட்டேன், அவன் பாதிதான் வாங்கிக்கொண்டான்.

அந்தச் சிவப்புத் தோர்த்து என்னிடம் இருக்கிறது. தம்பி முழங்காலில் கட்டியதை அவிழ்த்தபோது என் காரிலேயே விழுந்துகிடந்தது. இரண்டு தரம் துவைத்தும் ஒரு மூலையில் கறை போகவில்லை. வருகிற புதன்கிழமை அம்மாவுக்கு மறுபடி கண் காட்ட வேண்டும். பத்து மணிவாக்கில் ஆட்டோ ஸ்டாண்டுக்கு வருகிறேன், கறை பிடித்ததும் ஒரு புதுசும் சேர்த்து எடுத்து வருகிறேன்.