மாத்திரையோடு விளக்கமும் வேண்டும்

ஐயா,

புற்றுநோய் மருத்துவமனைகளில் மருந்தாளுநரின் பணி விரிவடைவது பற்றித் தங்கள் நாளிதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். ஊசி மருந்தின் அளவைச் சரிபார்த்துக் கலந்து கொடுப்பதோடு அவர் பணி முடிந்துவிடக் கூடாது. வீட்டுக்குக் கொடுத்தனுப்பும் மாத்திரைகளுக்கே அவருடைய விளக்கம் அதிகம் தேவை, ஏனெனில் வீட்டில் கவனிக்கச் செவிலியர் இல்லை. பாம்பனில் கருவாடு காயவைக்கும் என் அத்தைக்கு, குடல் புற்றுநோய்க்காக மதுரையில் கேபெசிடபின் மாத்திரை கொடுத்தார்கள். தூரத்திலிருந்து வருகிறவர் என்று இரண்டு சிகிச்சைச் சுற்றுகளுக்கான மாத்திரைகளையும் சேர்த்தே கொடுத்தவர்கள், சாப்பிட்ட அரை மணி நேரத்துக்குள் விழுங்க வேண்டும், 14 நாள் முடிந்ததும் 7 நாள் நிறுத்த வேண்டும் என்பதை அவருக்குப் புரியும்படி சொல்லவில்லை. இடைவெளியின்றி விழுங்கியதில் உள்ளங்கை சிவந்து தோலுரிந்து, உப்புப் படும்போதெல்லாம் துடித்துப்போனார். அடுத்த முறை ஒரு மருந்தாளுநர் கால் மணி நேரம் ஒதுக்கி, நாள்காட்டியில் மாத்திரை நாள்களைச் சிவப்பு மையால் வட்டமிட்டுக் கொடுத்தார். அதன்பின் அத்தை ஒருநாளும் தவறவில்லை.

நோயாளிக்கு ஆலோசனை கூறுவதை மருந்தாளுநரின் கடமையாகவே 2015ஆம் ஆண்டின் மருந்தாளுமைப் பணி ஒழுங்குமுறை விதிகள் வைத்துள்ளன. ஆகவே, ராமநாதபுரம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் புற்றுநோய் மருந்துகளில் பயிற்சி பெற்ற மருந்தாளுநர் ஒருவரை அமர்த்தி, வெளியூரில் சிகிச்சை பெறும் கடலோர மக்களும் ஒவ்வொரு சுற்றின் தொடக்கத்திலும் அவரிடம் கேட்டுத் தெளிவதற்கு அரசு வழி செய்ய வேண்டும்.

– வாசகர், பாம்பன்