அல்டோனாவுக்குப் போகும் மகளுக்கு

அன்பு மகள் யாழினிக்கு,

கனடாவின் மனிற்றோபா மாகாணத்து அல்டோனாவில் கிறெடிட் யூனியன் (கூட்டுறவு வங்கி) வேலை உறுதியான செய்தி கேட்டு எனக்கும் அப்பாவுக்கும் நல்ல சந்தோசம். "அங்கே எல்லாரும் குதிரை வண்டியில் போற மெனனைற் ஆக்களாமே" என்று கேட்டாய். மெனனைற் என்பது ஒரு கிறிஸ்தவப் பிரிவு, அதற்குள்ளும் பல வகை. குதிரை வண்டிக்காரர் ஒன்ராறியோவில் வாட்டர்லூப் பக்கம் இருக்கிறவர்கள். சுவிற்சர்லாந்து, தென் ஜேர்மனி வழி வந்தவர்கள். அவர்களிலும் ஒரு பகுதியினர்தான் வண்டி ஓட்டுகிறார்கள். நீ போகிற தென் மனிற்றோபாச் சனம் காரும் ட்ரக்கும் ஓட்டும், உன்னைப் போலவே ஜீன்ஸ் போடும். பெயர்களைப் பார்த்தால்தான் தெரியும்: ஃப்ரீசன், டிக், பென்னர், வீப், ரைமர், ற்றேவ்ஸ். ஒரே பெயரில் பல பேர் இருப்பார்கள். வாடிக்கையாளரைப் பெயரை மட்டும் வைத்து அடையாளம் பிடிக்காதே, பிறந்த திகதியையும் பார்.

வேலைக்குப் போக முன் அந்த ஊரின் சரித்திரம் கொஞ்சம் தெரிந்திருக்க வேண்டும் என்று நினைக்கிறேன். நீ இருக்கப் போவது பத்திரங்களின் நடுவில். அந்தச் சனத்தின் கதையும் பெரும்பகுதி பத்திரங்களின் கதைதான். தங்களுக்குள் ஓர் ஒப்பந்தம் எழுதி அதன்படி நூறு வருடம் சீராக வாழக்கூடியவர்கள். அந்த ஒப்பந்தமும் நாட்டுச் சட்டமும் பொருந்தாமல் போன இடங்களில்தான் அவர்களுக்கு அடி விழுந்தது.

பூர்வீகம் நெதர்லாந்து. 1536இல் கத்தோலிக்கக் குருத்துவத்தை விட்டு வந்த மெனோ சைமன்ஸ் என்பவரின் பெயர்தான் இவர்களுக்கு. வளர்ந்த பிறகுதான் ஞானஸ்நானம், ஆயுதம் எடுக்கக்கூடாது, சத்தியப்பிரமாணம் செய்யக்கூடாது என்பது கொள்கை. துன்புறுத்தலுக்குத் தப்பி டான்சிக் (இன்றைய போலந்தின் க்டான்ஸ்க்) பக்கம் போனார்கள். அங்கிருந்து 1789இல் தொடங்கி ரஷ்யப் பேரரசுக்கு, இன்றைய உக்ரைனுக்கு. 1870களில் இராணுவ சேவையில் இருந்து இவர்களுக்கு இருந்த விலக்கை ரஷ்யா எடுத்துவிடப் போகிறது என்றானதும், 1873இல் பன்னிரண்டு பிரதிநிதிகள் வட அமெரிக்காவுக்கு இடம் பார்க்க வந்தார்கள்.

இங்கே கவனி. 1873 ஜூலையில் கனடா விவசாயத் திணைக்களச் செயலாளர் ஜோன் லோ ஒரு கடிதம் கொடுத்தார். இராணுவ விலக்கு, சேர்ந்தாற்போல் காணி, ஆளுக்கு 160 ஏக்கர் இலவசம், பிள்ளைகளுக்குத் தங்கள் பள்ளியில் எந்தத் தடையும் இல்லாமல் படிப்பிக்கும் உரிமை எல்லாம் அதில் இருந்தன. அடுத்த மாதம் அமைச்சரவை ஆணையாக அது வெளிவந்தபோது பள்ளி பற்றிய வரியில் "சட்டம் அனுமதிக்கும் அளவுக்கு" என்ற பொருளில் ஒரு மாற்றம் நுழைந்திருந்தது. கல்வி மாகாணத்தின் அதிகாரம், மத்திய அரசு அதை வாக்குக் கொடுக்கவே முடியாது. சனம் கையில் வைத்திருந்தது முதல் கடிதத்தை. அந்த ஒரு வரி ஏறக்குறைய ஐம்பது வருடம் கழித்துத்தான் கடித்தது. அதைப் பிறகு சொல்கிறேன்.

1874 ஆகஸ்ட் 1ஆம் திகதி முதல் கூட்டம் ராற் ஆறு ரெட் ஆற்றோடு சேரும் இடத்தில் நீராவிப் படகில் வந்து இறங்கியது. 1880 வரை சுமார் 7,000 பேர் வந்தார்கள். ரெட் ஆற்றுக்குக் கிழக்கே எட்டு ரவுன்ஷிப் (ஆறு மைல் சதுரக் காணித் துண்டு) இவர்களுக்கென்று ஒதுக்கினார்கள். அதுதான் கிழக்கு ரிசேர்வ், ஸ்ரைன்பாக் ஊர் இருக்கிற பக்கம். மேற்கே அமெரிக்க எல்லையை ஒட்டிப் பதினேழு ரவுன்ஷிப், அது மேற்கு ரிசேர்வ். அல்டோனா, விங்க்லர் அந்தப் பக்கம். "வெறும் நிலத்தைப் பொன்னாக்கினார்கள்" என்று அங்கே பேசுவது காதில் விழும். வெறும் நிலமில்லை. அங்கே இருந்த பூர்வகுடிகளான அனிஷினாபே மக்களோடு காணி பற்றிய முதலாம் ஒப்பந்தம் கையெழுத்தாகி மூன்று வருடம்கூட ஆகவில்லை, மேற்றி (பூர்வகுடி, ஐரோப்பியக் கலப்பு வழி வந்தவர்கள்) குடும்பங்கள் ராற் ஆற்றங்கரையில் இருந்தன. இதையும் மனதில் வைத்துக்கொள்.

காணி விஷயம்தான் மிகச் சுவையானது. அரசாங்கம் காணியைச் சதுரம் சதுரமாக, ஆளுக்கு 160 ஏக்கர் என்று பிரித்துக் கொடுத்தது. ஒவ்வொருவரும் தன் சதுரத்தில் தனியே வீடு கட்டிக் குடியிருக்க வேண்டும் என்பது பொது நிபந்தனை. கிராமமாக இருக்க விரும்புவோருக்கு அதைத் தளர்த்தினார்கள். இவர்கள் பதினைந்து, இருபது, முப்பது குடும்பங்களாகச் சேர்ந்து தங்கள் சதுரங்களை ஒன்றாகக் கலந்தார்கள். நடுவில் ஒரு நீளத் தெரு, இரு பக்கமும் ஒடுங்கிய நீண்ட வளவுகள். வெளியே பயிர்நிலத்தைப் பெரிய வயல்களாகப் பிரித்து, ஒவ்வொரு வயலிலும் ஒவ்வொரு குடும்பத்துக்கும் ஒரு கீற்று. நல்ல மண்ணிலும் பங்கு, தண்ணீர் நிற்கும் பள்ளத்திலும் பங்கு. மிஞ்சியது பொது மேய்ச்சல். காலையில் ஊர் மேய்ப்பன் தெருவால் போய் எல்லா வீட்டு மாடுகளையும் சேர்த்துக்கொண்டு போவான். ஷுல்ற் என்று ஓர் ஊர்த் தலைவரை வாக்குப் போட்டுத் தெரிவார்கள். வேலி, வாய்க்கால், தெரு வேலை எல்லாம் அவர் பொறுப்பு.

இப்படி நூற்றுக்கு மேற்பட்ட ஊர்கள் இருந்தன. ஏன் குலைந்தன? காணி உறுதி தனி ஆளின் பெயரில் இருந்தது. ஊர் ஒப்பந்தத்துக்குச் சட்டத்தில் வலு இல்லை. ஒருவர் மனஸ்தாபப்பட்டு "என் 160 ஏக்கரைத் தா" என்றால் கொடுத்தே ஆக வேண்டும். அவருடைய சதுரம் ஊர்த் தெருவே இருக்கிற இடமாக இருந்துவிட்டால் அயலவர் வீடுகள் முழுக்கச் சட்டப்படி அவர் காணியில் நிற்கும். ஒருவர் கடனுக்கு ஈடு வைத்து மூழ்கினாலும் இதே கதை, வெளியார் வந்து ஊர் நடுவில் காணி வாங்குவார். பழைய கொலனிச் சபை (இவர்களுக்குள் பழமையை விடாத ஒரு பிரிவு), ஊரை உடைத்தவர்களைச் சபையை விட்டே விலக்கிப் பார்த்தது. அப்படியும் ஒன்றொன்றாக அவிழ்ந்தன. அல்டோனாவுக்குப் பக்கத்தில், தென்கிழக்கே, நொய்பெர்க்தால் இருக்கிறது. 1876இல் தொடங்கிய ஊர், இப்போது தேசிய வரலாற்றுத் தலம். முதல் ஞாயிறே போய் அந்தத் தெருவில் நடந்து பார். கோட்டன்வுட் மரங்கள் வரிசையாக நிற்கும். மேற்கு ரிசேர்வ் ஏறக்குறைய மரமில்லாத வெளி, காற்றுக்கு மறைப்பாக வைத்த மரங்கள் அவை.

அங்கே வீடும் மாட்டுத் தொழுவமும் ஒன்றாய் ஒட்டியிருக்கும் பழைய கட்டடங்களைக் காண்பாய். நடுவில் ஓர் ஒடுங்கிய நடை, கதவு. பனிப்புயலில் வெளியே கால் வைக்காமல் மாடு கறக்கலாம். உள்ளே போக விட்டால் செங்கல் அடுப்பைக் கேட்டுப் பார். வீட்டின் நடுவில் கட்டியிருப்பார்கள், அதன் பக்கங்களே அறைகளின் சுவர். பெரிய அறை, மூலை அறை, குசினி, முன் நடை நான்கும் ஒரே அடுப்பில் சூடாகும். விறகு கிடையாது, வைக்கோலும் வறட்டியும்தான். எருவை வளவில் பரப்பி, வைக்கோல் கலந்து, குதிரைகளை விட்டு மிதிக்க வைத்து, மண்வெட்டியால் செங்கல் அளவில் வெட்டி, வெயிலில் காய வைத்து அடுக்கினார்கள். காலையும் மாலையும் எரித்தால் போதும், செங்கல் சூட்டை வைத்திருக்கும். ஆபத்து என்னவென்றால், தீப்பிடித்தால் வீடும் மாடும் வைக்கோலும் சேர்ந்தே போகும். அதனால்தான் தீக்கு என்று ஊர்ச் சங்கம் வைத்திருந்தார்கள். கட்டடங்களை முன்கூட்டியே மதிப்பிட்டு எழுதிவைப்பார்கள். யாருக்கும் தீ பட்டால் அவரவர் மதிப்புக்கு ஏற்ப எல்லாரிடமும் காசு பிரிப்பார்கள்.

இனி உன் வேலைக்கு நேரே சம்பந்தப்பட்டது. வைசன்அம்ற் என்று கேள்விப்படுவாய், அநாதைப் பிள்ளைகளின் சொத்தைப் பார்க்கும் சபை அலுவலகம். புருஷனோ மனைவியோ இறந்தால் சொத்து முழுவதையும், கலப்பை, மாடு, கட்டில், கடன் எல்லாவற்றையும் மதிப்பிட்டு எழுதுவார்கள். பாதி, உயிரோடு இருப்பவருக்கு. மற்றப் பாதி பிள்ளைகளுக்குச் சமமாக, பெண்ணுக்கும் ஆணுக்கும் ஒரே பங்கு. முதிசம் என்றால் ஆண்பிள்ளைக்கே காணி என்றிருந்த காலத்தில், இவர்கள் பரம்பரை பரம்பரையாக இப்படிச் செய்தார்கள். எனக்கு அவர்களில் மிகப் பிடித்த விஷயம் இது. இந்தக் கணக்கைத் தீர்க்காமல், துணையை இழந்தவர் மறுமணம் செய்ய முடியாது. சிறுபிள்ளைகளுக்குப் பாதுகாவலர்களை நியமிப்பார்கள். பிள்ளைகளின் காசு வைசன்அம்ற்றில் வட்டிக்கு இருக்கும், வயது வந்ததும் கொடுப்பார்கள். அந்தக் காசைத்தான் காணி வாங்குகிறவர்களுக்கும் கருவி வாங்குகிறவர்களுக்கும் கடனாகக் கொடுத்தார்கள். சபையார் தெரிந்தெடுத்த ஒருவர் பேரேட்டை எழுதுவார். கடன் திருப்பாதவரைக் கோர்ட்டுக்கு இழுக்கமாட்டார்கள், சபையில் விசாரிப்பார்கள்.

நாளடைவில் மற்றவர்களும் தங்கள் சேமிப்பை அங்கே போடத் தொடங்கினார்கள். பிழை அங்கேதான் வந்தது. போட்ட காசை எப்போதும் கேட்கலாம். கொடுத்த கடனோ காணியில் வருடக்கணக்காக மாட்டியிருக்கும். கையில் ஒதுக்கு நிதி மிகக் குறைவு, பிணை பெரும்பாலும் அயலவரின் கையெழுத்து. முதலாம் உலகப்போருக்குப் பிறகு கோதுமை விலை விழுந்தது, காணி விலையும் விழுந்தது, பிறகு 1930களின் பொருளாதார மந்தம். மேற்கு ரிசேர்வின் பெரிய வைசன்அம்ற்கள் நொடித்துப்போயின. விதவைகளின் காசும் பிள்ளைகளின் காசும் அதோடு போனது. ஒரே சபைக்குள் கடன் கொடுத்தவரும் வாங்கியவரும் பக்கத்துப் பக்கத்தில் இருந்து செபிக்க வேண்டியிருந்தது. அந்தக் காயத்துக்குப் பிறகுதான், 1930களின் இறுதியில், கிறெடிட் யூனியன் இந்தப் பக்கம் பிடித்தது, ஸ்ரைன்பாக்கில் 1941இல். அதே பரஸ்பர உதவிதான், ஆனால் மாகாணச் சட்டத்தின் கீழ். ஜே. ஜே. சீமன்ஸ் என்பவர் அல்டோனாவில் கூட்டுறவை வளர்த்தார். 1946இல் சூரியகாந்தி எண்ணெய் ஆலையும் கூட்டுறவாகவே வந்தது. ரஷ்யாவில் இருந்து கொண்டுவந்து தோட்டத்தில் கொறிப்பதற்குப் போட்ட விதை அது. உன் மேசைக்கு வரும் வயதானவர் ஒருவர் கடன் பத்திரத்தை வரி வரியாக வாசித்தால் அவசரப்படுத்தாதே. தாய் தகப்பன் காலத்து இழப்பு அந்த வீடுகளில் இன்னும் பேசப்படுகிறது.

பள்ளிக் கடிதத்துக்கு வருகிறேன். 1916இல் மனிற்றோபா இருமொழிப் பள்ளிகளை நிறுத்தி, வரவைக் கட்டாயமாக்கியது. ஜேர்மன் மொழித் தனிப்பள்ளிகளுக்குப் பிள்ளைகளை அனுப்பிய பெற்றோருக்குத் தண்டம் விழுந்தது. லோவின் கடிதத்தைக் காட்டி வழக்காடினார்கள். மாகாண விஷயத்தில் மத்திய அரசின் வாக்குச் செல்லாது என்று தீர்ப்பு. இதை ஏற்காதவர்களோடு 1922 மார்ச் 1ஆம் திகதி பிளம் கூலி என்ற ஊரில் இருந்து முதல் ரயில் மெக்சிக்கோவுக்குப் புறப்பட்டது. மாடு, கலப்பை, தளபாடம் எல்லாம் அதே ரயிலில். பிறகு 1926, 1927இல் இன்னொரு கூட்டம் பராகுவேயின் சாக்கோப் பகுதிக்கு. அங்கே காணி அளந்து முடியாமல் ஆற்றங்கரையில் காத்திருந்தபோதே நோயில் நூற்றைம்பதுக்கு மேற்பட்டோர் இறந்தார்கள்.

அவர்களின் பேரப்பிள்ளைகள் பலர் மெக்சிக்கோவில் இருந்து திரும்பி வந்து விங்க்லர், அல்டோனாப் பக்கம் வேலை செய்கிறார்கள். உன்னிடம் கணக்குத் திறக்க வருவார்கள். வீட்டில் தாழ்ஜேர்மன் (வட ஜேர்மனி வழிப் பேச்சுமொழி), கடையில் ஸ்பானிஷ், ஆங்கிலம் கொஞ்சம். குடியுரிமைப் பத்திரத்தில் சிக்கல் இருந்தால் ஆச்சரியப்படாதே. மெக்சிக்கோவில் சபையில் மட்டும் நடந்த கல்யாணம் அரசாங்கத்துக்குக் கல்யாணமில்லை. அதனால் பிள்ளைகளின் கனடாக் குடியுரிமை கேள்விக்குள்ளானது. வெளிநாட்டில் பிறந்த இரண்டாம் தலைமுறையில் சிலர் 28 வயதுக்கு முன் பதிவு செய்யாததால் அதை இழந்தார்கள். 2009இல்தான் அந்த 28 வயது விதியை எடுத்தார்கள், அதற்கு முன்பே இழந்தவர்களுக்கு அது உதவவில்லை. உங்கள் அடையாளப் பத்திர விதியை நீ மீற வேண்டாம். எந்தப் பத்திரம் குறைகிறது என்பதைத் தெளிவாக ஒரு தாளில் எழுதிக் கொடு, வெறுமனே திருப்பி அனுப்பாதே.

போனவர்களின் இடத்துக்கு 1923 முதல் 1930 வரை ரஷ்யப் புரட்சிக்குத் தப்பி இன்னொரு கூட்டம் கனடாவுக்கு வந்தது, இருபதாயிரம் பேரளவில். கனடியன் பசிபிக் ரயில் நிறுவனம் பெரும்பாலானோரைக் கடனில் ஏற்றி வந்தது. மந்தம் நடுவே வந்தும், சபைகள் சேர்ந்து அந்தப் பயணக் கடனை 1946இல் கட்டி முடித்தன. அகதியாக வந்த நினைவு அங்கே பலமானது. 1979 மார்ச்சில் அகதிகளைத் தனியார் பொறுப்பெடுப்பதற்கான முதல் பொது ஒப்பந்தத்தில் கனடா அரசோடு கையெழுத்திட்டது மெனனைற் மத்திய குழு என்ற இவர்களின் நிவாரண அமைப்புத்தான். பிறகு மற்ற அமைப்புகள் அதே வழியைப் பின்பற்றின. எங்கள் சனத்திலும் அந்த வழியால் வந்தவர்கள் உண்டு. அந்தக் குழுவின் முதல் பழைய பொருள் கடை 1972இல் திறந்ததும் அல்டோனாவில்தான். குளிர்க் கோட்டும் சட்டி பானையும் அப்படிப்பட்ட கடையிலேயே வாங்கு. காசு நிவாரணத்துக்குப் போகும்.

ஞாயிறு பின்னேரம் ஃபாஸ்பா என்ற சிறு சாப்பாட்டுக்கு யாராவது கூப்பிட்டால் கட்டாயம் போ. கோப்பி, பாண், ஜாம், சீஸ், குளிர்ந்த இறைச்சி, அவ்வளவுதான். வெறுங்கையோடு போகாமல் ற்வீபாக் செய்துகொண்டு போனால் நல்லது. இரண்டு மாடி பணிஸ் அது. இரண்டு கப் பாலைச் சூடாக்கி, ஒரு கப் பட்டர் போட்டு உருக்கி, இளஞ்சூட்டுக்கு ஆறவிடு. நாலு தேக்கரண்டி சீனி, இரண்டு தேக்கரண்டி உப்பு, ஒரு பொதி ஈஸ்ற், மா எட்டுக் கப் அளவில். கையில் ஒட்டாமல், ஆனால் மெதுமையாக இருக்கும் வரை பிசை. இரட்டிப்பாகப் பொங்கியதும் முட்டை அளவில் உருட்டித் தட்டில் வை, அதைவிடச் சின்ன உருண்டையை மேலே வை. பெருவிரலால் மேலிருந்து தட்டு வரை அமுக்கு. மேல் உருண்டை பெரிதாகிவிட்டாலோ, இடையில் மா தூவிவிட்டாலோ, அரைகுறையாக அமுக்கினாலோ போறணையில் சரிந்து விழும். மறுபடி பொங்க விட்டு 400 டிகிரி ஃபாரன்ஹைட்டில் கால் மணி முதல் இருபது நிமிடம். மிஞ்சியதைக் குறைந்த சூட்டில் மொறுமொறுவென வாட்டி வைத்தால் மாதக்கணக்கில் கிடக்கும். கப்பல் பயணங்களுக்கு மூட்டை மூட்டையாக அப்படித்தான் கொண்டுவந்தார்கள்.

வின்னிபெக்கில் மெனனைற் ஆவணக் காப்பகம் இருக்கிறது, வைசன்அம்ற் பேரேடுகள் அங்கே உண்டு. எழுத்து பழைய ஜேர்மன் கையெழுத்து, ஆனால் இலக்கங்கள் விளங்கும். லீவு நாளில் முன்கூட்டியே கேட்டுக்கொண்டு போ. குளிருக்கு முன் கார் ரயரை மாற்றிவிடு. போய்ச் சேர்ந்ததும் அப்பாவுக்கு ஒரு கோல் எடு.

அன்புடன்,
அம்மா