தலாய் லாமா பிறந்த ஊர் வண்ணத்துக்குள் இல்லை

ஆசிரியருக்கு வணக்கம்.

தலாய் லாமா பற்றிய செய்தியோடு வந்த வரைபடத்தில், 'அவர் பிறந்த திபெத்' என்று சீனாவின் திபெத் தன்னாட்சிப் பகுதிக்கு மட்டும் வண்ணம் தீட்டியிருந்தீர்கள். 1935-ல் அவர் பிறந்த தக்சேர் கிராமம் அந்த வண்ணத்துக்குள் இல்லை. பக்கத்துச் சிங்காய் மாகாணத்தில் இருக்கிறது.

குறை சொல்ல எனக்கும் வாய் இல்லைதான். முப்பது வருடம் புவியியல் நடத்தியவள். இதே எல்லைக்கோட்டைத்தான் கரும்பலகையில் போட்டேன். என்னைத் திருத்தியவர் ஊட்டி திபெத்தியன் மார்க்கெட்டில் ஸ்வெட்டர் விற்கும் ஒரு அம்மா. "நேபாளமா?" என்று கேட்டுவிட்டேன். (நம்மூரில் ஸ்வெட்டர் விற்றாலே நேபாளம்தானே.) "இல்ல டீச்சர், ஆம்தோ" என்றார். அது அவருடைய அப்பாவின் சீமை. இவர் பிறந்தது கர்நாடகத்தில், பைலகுப்பே குடியிருப்பில். ஆனாலும் கையில் இருப்பது வெளிநாட்டவருக்கான பதிவுச் சான்றிதழ். அதைப் புதுப்பித்துக்கொண்டே இருக்க வேண்டும்.

அடுத்த முறை அட்லஸை எடுத்துக்கொண்டு போனேன். அவர் விரல் திபெத்தின் தலைநகர் லாசாவைத் தாண்டி, தன்னாட்சிப் பகுதியின் புள்ளிக்கோட்டையும் தாண்டி, வடகிழக்கே ஒரு பெரிய ஏரியின் ஓரத்தில் நின்றது. நான் 'சிங்காய் ஏரி' என்று நடத்திய ஏரி. அவர்கள் பாஷையில் அதற்கு 'நீல ஏரி' என்று பெயராம்.

திபெத்தியர் தங்கள் மண்ணை ஊ-சாங், காம், ஆம்தோ என்று மூன்றாகச் சொல்வார்கள். சீனா 1965-ல் அமைத்த தன்னாட்சிப் பகுதியில் ஊ-சாங்கும் காமின் மேற்குப் பக்கமும்தான் அடங்கும். மற்றவை சிங்காய், கான்சு, சிச்சுவான், யுன்னான் மாகாணங்களில் சிதறிக் கிடக்கின்றன. சீனாவில் வாழும் திபெத்தியரில் பாதிக்கு மேற்பட்டோர் இருப்பதும் அங்கேதான். 1950-க்கு முன்பே ஆம்தோவின் பெரும்பகுதி லாசாவின் ஆட்சியில் இல்லை, அதையும் மறைக்க வேண்டாம். ஆம்தோக்காரர் பேசினால் லாசாக்காரருக்குச் சட்டென்று பிடிபடாது. ஆனால் எழுத்து ஒன்றே.

2008-ல் தலாய் லாமாவின் தூதர்கள் பெய்ஜிங்கில் கொடுத்த மனுவில் தனிநாடு கேட்கவில்லை. இந்தப் பகுதிகளை எல்லாம் ஒரே நிர்வாகத்தின்கீழ் சேர்த்து, பெயரளவில் நின்றுவிடாத, உண்மையான தன்னாட்சி கேட்டார்கள். சீனா மறுத்துவிட்டது. ஆக, நீங்கள் வண்ணம் தீட்டிய எல்லையே சர்ச்சையில் இருக்கும் எல்லை.

இனி அந்தப் படம் வந்தால், அடியில் 'திபெத் தன்னாட்சிப் பகுதி' என்று முழுப்பெயரைப் போடுங்கள். தக்சேருக்கு ஒரு புள்ளி வையுங்கள். இடமிருந்தால் அந்த ஏரியையும் வரையுங்கள்; ஊட்டிக்கு ஒரு பிரதி கொண்டுபோக வேண்டும்.

- ஓய்வுபெற்ற புவியியல் ஆசிரியை, குன்னூர்