தோண்டிவிடாதே, பாப்பா

அன்புள்ள பாப்பாவுக்கு,

அப்பா எழுதுகிறேன். நேற்று நீ அனுப்பிய ஆறு படங்களையும் பார்த்தேன். "புது வீட்டுத் தோட்டத்தில் ஒன்றுமே இல்லை அப்பா, எல்லாம் காய்ந்த குச்சி. சனிக்கிழமை மொத்தத்தையும் கொத்திப் புரட்டிவிட்டுப் புதிதாக ஆரம்பிக்கப் போகிறோம்" என்று எழுதியிருந்தாய். போனில் சொல்லலாம்தான். பாதியில் குட்டி அழுவான், நீ "அப்புறம் பேசறேன்" என்று வைத்துவிடுவாய். அதனால்தான் கடிதம். சனிக்கிழமைக்குள் படித்துவிடு.

நான்காவது படத்தைப் பெரிதாக்கிப் பார். வேலியோரம், உடைந்த தொட்டிக்கு இடது பக்கம், மண்ணிலிருந்து சிவப்பாகச் சில முனைகள் நீட்டிக்கொண்டிருக்கின்றன. விரல் நுனி அளவுதான் இருக்கும். உன் அம்மா முதலில் மண்புழு என்றாள். கண்ணாடி போட்டுக்கொண்டு மறுபடி பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் உள்ளே போய்விட்டாள். பாப்பா, அது பியோனி என்ற பூச்செடி. நான் எண்ணிப் பார்த்தேன், பதினாலு முனை. அத்தனை முனை விடுகிற தூர் என்றால் அது நேற்று வைத்தது இல்லை. உனக்கு முன்னால் அந்த வீட்டில் இருந்த யாரோ, பல வருஷத்துக்கு முன்பு குழி தோண்டி வைத்தது. பியோனி ஒரே இடத்தில் ஐம்பது வருஷத்துக்கு மேல் இருந்து பூக்கும். அந்தச் சொத்தைத்தான் நீ மண்வெட்டியால் புரட்டப் பார்த்தாய்.

இப்படி மேலே காய்ந்தாலும் வேர் உயிரோடு இருந்து வருஷா வருஷம் முளைப்பதைப் பல்லாண்டுச் செடி என்று புத்தகத்தில் எழுதுவார்கள். கூப்பிடும்போதே வாழ்த்துகிற மாதிரி இருப்பதால் எனக்கு அந்தப் பெயர் பிடிக்கும். கோடையெல்லாம் இலை சம்பாதித்ததை வேரிலும் கிழங்கிலும் இறக்கி வைத்துவிட்டுத்தான் மேல்பாகம் காய்கிறது. அந்தக் கையிருப்பு இருப்பதால்தான், விதை போட்டு வரும் செடிகள் கண் திறக்கும் முன்பே இவற்றில் சில பூத்தே முடித்துவிடுகின்றன. குளிரை இவற்றுக்குப் பகை என்று நினைத்துவிடாதே. பியோனி சில வாரமாவது குளிரில் கிடந்தால்தான் பூக்கும். குளிரே தெரியாத இடத்தில் எவ்வளவு எரு போட்டாலும் வெறும் இலைதான்.

இந்த நாட்களை எல்லாரும் இளவேனில் என்கிறார்கள். எனக்கு ஒப்பவில்லை. நம் பழைய ஆறு பருவக் கணக்கில் இளவேனிலுக்கு முன்னால் பின்பனி என்று ஒன்று உண்டே, அதுதான் இதற்குப் பொருத்தம். பகலில் முதுகில் வெயில் உறைக்கிறது. விடிந்து பார்த்தால் புல்லெல்லாம் வெள்ளையாக உறைந்து கிடக்கிறது. பனியை முன், பின் என்று பிரித்துப் பெயர் வைத்தவர் செடி வளர்த்தவராகத்தான் இருந்திருப்பார் என்று நினைத்துக்கொள்வேன்.

இங்கே முதலில் வந்தது ஸ்னோட்ராப். வழக்கம்போல் சுவரோரம். அதன் இலை நுனி மட்டும் கொஞ்சம் தடித்துக் கெட்டியாக இருக்கும், உறைந்த மண்ணைக் குத்திக்கொண்டு வருவதற்கு. பூ தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு இருப்பதால் நின்றபடி பார்த்தால் வெள்ளைச் சொட்டு மாதிரிதான் தெரியும். குனிந்து, ஒரு விரலால் தூக்கிப் பார்க்க வேண்டும். வெளியே மூன்று நீள இதழ், உள்ளே மூன்று குட்டை இதழ். உள்ளிதழ் ஒவ்வொன்றின் ஓரத்திலும் 'ப' எழுத்தைக் கவிழ்த்து வைத்த மாதிரி ஒரு பச்சைக் கோடு. இவ்வளவு சின்னப் பூவுக்கு, அதுவும் கவிழ்ந்தே இருக்கும் பூவுக்கு, உள்ளே யார் பார்க்கப் போகிறார்கள் என்று அந்தக் கோடு? முழங்கால் வலியோடு நான் குனிகிறேனே, அதற்காகத்தான் போல.

கடுங்குளிர் இரவு என்றால் காலையில் அவ்வளவும் தரையோடு சாய்ந்து கிடக்கும். முதல் வருஷம் அதைப் பார்த்துவிட்டு "போச்சு" என்று அம்மாவிடம் சொன்னேன். பதினோரு மணிக்கு வெயில் ஏறியதும் ஒவ்வொன்றாக நிமிர்ந்துகொண்டன. அம்மா அந்த "போச்சு"வை இன்னும் சொல்லிக் காட்டுகிறாள்.

இதன் அறிவியல் பெயர் கேலாந்தஸ். கிரேக்கத்தில் பால், பூ என்ற இரண்டு சொல்லைச் சேர்த்தது. மறதி நோய்க்குக் கொடுக்கும் கேலன்டமின் என்ற மருந்துக்குப் பெயர் இதிலிருந்து வந்ததுதான். அந்தப் பொருளை முதலில் இந்தச் செடியில்தான் கண்டுபிடித்தார்கள். அப்படியென்றால் நல்லது என்று யாரும் கிழங்கைத் தின்னக் கூடாது, விஷம். பார்க்கச் சின்ன வெங்காயம் மாதிரியே இருக்கும். குட்டி எதை எடுத்தாலும் வாயில் வைக்கிற வயது, அதனால் சொல்கிறேன்.

எனக்கு இந்த ஸ்னோட்ராப்பைக் கொடுத்தவர் அடுத்த வீட்டு அம்மா. உனக்கு அவரைத் தெரியும், நீ பந்தை அவர் பக்கம் போட்டால் திருப்பிப் போடும்போது கூடவே ஒரு கொத்துப் பூவும் வரும். பூ முடிந்து இலை பச்சையாக இருக்கும்போதே ஒரு தூரைப் பெயர்த்து, ஈரச் செய்தித்தாளில் சுற்றி, வேலிக்கு மேலே நீட்டினார். "கிழங்கு காய்ந்துவிட்டால் பிழைப்பது சந்தேகம், இன்றைக்கே வையுங்கள்" என்றார். வைத்தேன். ஐந்தாறு வருஷம் கழித்து, நான் எதுவுமே வைக்காத நடைபாதைக் கல் இடுக்கில் ஒரு செடி! நான்தான் தூக்கத்தில் எழுந்துபோய் வைத்தேனோ என்று இருந்தது. அவரிடம் கேட்டேன், எறும்பு என்றார். விதையின் ஒரு முனையில் எறும்புக்குப் பிடித்த கொழுப்புத் துணுக்கு ஒன்று ஒட்டியிருக்கிறது. எறும்பு விதையோடு இழுத்துப்போய், துணுக்கைத் தின்றுவிட்டு, விதையைப் போட்டுவிடுகிறது. அந்தக் கல் இடுக்குச் செடியை நான் இன்னும் எடுக்கவில்லை. தாண்டித்தான் நடக்கிறோம்.

இந்த ஒரு மாதம் எங்கள் தெருவில் யாரும் யார் முகத்தையும் பார்ப்பதில்லை. எல்லாரும் குனிந்தபடியே பேசிக்கொள்கிறோம். "உங்களுக்கு வந்துவிட்டதா?" என்றால் எது என்று கேட்க வேண்டியதில்லை. நேற்று எதிர்வீட்டுக்காரர் அவசரமாகக் கூப்பிட்டார், யாருக்கோ உடம்பு சரியில்லை என்று பயந்து ஓடினேன். அவருடைய பல்மொனேரியாவில் முதல் பூ. மொட்டு இளஞ்சிவப்பு, விரிந்து முற்றினால் நீலம். பூவுக்குள் இருக்கும் சாற்றின் புளிப்பு குறையக் குறைய நிறம் மாறுகிறது. ஒரே காம்பில் இரண்டு நிறமும் இருந்தன. இரண்டு பேரும் பத்து நிமிஷம் அதைப் பார்த்துக்கொண்டு நின்றோம். அவருடைய மனைவி ஜன்னலிலிருந்து எங்களைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

சரி, உன் படங்களுக்கு வருகிறேன். இரண்டாவது படத்தில் தரையோடு படுத்திருக்கிற கருத்த, தோல் மாதிரி இலைகள் இருக்கின்றனவே, அது ஹெல்லெபோர். இலையில் கறுப்புப் புள்ளி விழுந்திருக்கிறது, அந்தப் பழைய இலைகளைக் கத்தரித்து அப்புறப்படுத்து. செடியின் நடுப்பக்கம் வரும்போது கவனமாக வெட்டு, அங்கே மொட்டுகள் குனிந்து மண்ணோடு ஒட்டிக் கிடக்கும். கையுறை போட்டுக்கொள், இதன் சாறும் நல்லதில்லை. இலை போன மறுவாரமே மொட்டுகள் கழுத்தை நீட்டும். அதில் இதழ் என்று நமக்குத் தெரிவது உண்மையில் புல்லி இதழ். அசல் இதழ்கள் சுருங்கிச் சின்னச் சின்னத் தேன் குழல்களாக உள்ளே வட்டம் கட்டியிருக்கும். அதனால்தான் மற்றப் பூக்கள் ஒரு வாரத்தில் உதிரும்போது இது பச்சை ஏறி இரண்டு மாதம் அப்படியே நிற்கிறது. குளிர்காலம் முழுக்கப் பட்டினி கிடந்த ராணி வண்டுத்தேனீ வெளியே வந்ததும் முதலில் முட்டுகிற கதவுகளில் இதுவும் ஒன்று. குண்டாக, தூக்கக் கலக்கத்தில் பறக்கிற மாதிரி வரும், உன் காலில் இடித்தாலும் இடிக்கும்.

முதல் படத்திலும் மூன்றாவதிலும் எனக்கும் ஒன்றும் தெரியவில்லை, வெறும் மண். அங்கேதான் நீ ரொம்ப ஜாக்கிரதையாக இருக்க வேண்டும். ஏன் என்று என் கதையைக் கேள்.

நீ படிக்கப் போன முதல் வருஷம் அது. தோட்டத்தில் எல்லாம் முளைத்துவிட்டது, நட்ட நடுவில் ஒரு முழ அளவுக்கு மட்டும் காலி. அங்கே பலூன் பூ வைத்திருந்தேன், பிளாட்டிகோடான் என்பார்களே, மொட்டு காற்றடைத்த பை மாதிரி இருக்கும், நீ சின்னதில் அழுத்தி அழுத்தி உடைப்பாய். ஒரு மாதம் பார்த்தேன், வரவில்லை. செத்துவிட்டது என்று நானே முடிவு கட்டி மண்வெட்டியை இறக்கினேன். நறுக்கென்று ஒரு சத்தம், முள்ளங்கியை வெட்டின மாதிரி. வெளியே எடுத்தால் வெள்ளைவெளேரென்ற கிழங்கு வேர், இரண்டு துண்டாக, வெட்டுவாயில் பால் கசிந்துகொண்டு இருக்கிறது. மேல் துண்டின் தலையில் கடுகளவு முளைகள் ஏழெட்டு. இன்னும் பத்து நாள் பொறுத்திருந்தால் வந்திருக்கும். திருப்பி வைத்து மண் அணைத்து, தினம் போய்ப் பார்த்தேன். வரவில்லை.

அன்று மாலை நீ போன் செய்தாய். மூன்று வாரமாகப் போனே இல்லாமல் இருந்து, அன்றைக்குத்தான் செய்தாய். என்ன பேசினோம் என்று ஞாபகம் இல்லை. அழுக்குக் கையோடு போனைப் பிடித்துக்கொண்டு தோட்டத்திலேயே நின்றேன் என்பது ஞாபகம் இருக்கிறது.

பலூன் பூ தாமதமாகத்தான் எழும். குளிர் தாங்கும் செம்பருத்தி அதற்கும் சோம்பேறி, மண் நன்றாகச் சூடேறாமல் தலை காட்டாது. ஹோஸ்டாவும் கொஞ்சம் பிந்தித்தான் வரும், சுருட்டு மாதிரி சுருண்ட முனைகளாக. இப்போதெல்லாம் இவை ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் இலையுதிர் காலத்திலேயே ஒரு குச்சி நட்டுவிடுகிறேன். உனக்கு அந்தக் குச்சிகூட இல்லை, போன வீட்டுக்காரர் எதை எங்கே வைத்தார் என்று மண்ணே சொன்னால்தான் உண்டு. அதனால் ஒரு வருஷம் முழுக்க அந்தத் தோட்டத்தில் எதையும் தோண்டாதே. எது எப்போது எங்கே வருகிறது என்று படம் எடுத்து மட்டும் வை.

ஒரு வருஷமா என்று நீ முகம் சுளிப்பது தெரிகிறது. கை சும்மா இருக்காது என்றால் சனிக்கிழமைக்கு வேலை தருகிறேன். முதலில் ஒரு பிடி மண்ணை எடுத்து இறுக்கிப் பிடி. விரலால் தட்டியதும் உதிர்ந்தால் உள்ளே கால் வைக்கலாம். களிமண் உருண்டையாக அப்படியே நின்றால் அன்றைக்கு வேண்டாம், ஈர மண்ணை மிதித்தால் இறுகிப்போகும். காய்ந்த தண்டுகளை அடியோடு வெட்டாமல் ஒரு சாண் விட்டு வெட்டு. உள்ளே பொந்தாக இருக்கும் தண்டுகளில் சின்னத் தேனீக்கள் கூடு வைக்கும். குளிரில் மண் உறைந்து உருகும்போது சில தூர்கள் மேலே தூக்கிக்கொண்டு வேர் தெரிய நிற்கும், அவற்றை உள்ளங்கையால் மெல்ல அழுத்திவிடு. மக்கிய எரு இருந்தால் இரண்டு விரல் கனத்துக்குப் பரப்பு, ஆனால் பியோனியின் தலையில் போடாதே. அதன் முளை இரண்டு அங்குலத்துக்குக் கீழே போய்விட்டால் பூக்காது. மொட்டு வந்த பிறகு அதில் எறும்பு ஊரும், மருந்து கிருந்து அடித்துவிடாதே, மொட்டில் கசியும் தேனுக்கு வருகின்றன, செடிக்கு ஒன்றும் ஆகாது.

அப்புறம், ஏதாவது புதிதாக வைத்துத்தான் ஆக வேண்டும் என்றால், வாங்கின வருஷமே பூ கேட்டு அதை நச்சரிக்காதே. முதல் வருஷம் வேருக்கு, இரண்டாம் வருஷம் இலைக்கு, மூன்றாம் வருஷம்தான் நம் கண்ணுக்கு.

அடுத்த மாதம் நாங்கள் வரும்போது ஸ்னோட்ராப் ஒரு தூர் கொண்டுவருகிறேன், அதற்குள் பூ முடிந்துவிடும், இலை இருக்கும். ஈரச் செய்தித்தாளில் சுற்றி அம்மாவின் பையில் வைக்கலாம் என்றேன், துணிக்கு நடுவில் மண்ணா என்கிறாள். என் பையிலேயே வைத்துக்கொள்கிறேன். உன் வீட்டுச் சுவரோரம் எந்தப் பக்கம் மத்தியானத்துக்குமேல் நிழல் விழுகிறது என்று மட்டும் பார்த்து வை.

ஐந்தாவது படத்தில் படிக்கட்டுக்குப் பக்கத்தில் ஏதோ ஒன்று மூக்கை மட்டும் நீட்டிக்கொண்டு இருக்கிறது. பக்கத்தில் குட்டியின் விரலை வைத்து இன்னொரு படம் எடுத்து அனுப்பு.

அன்புடன்,
அப்பா